காய் நறுக்கும் பலகை: வரப்பு மரமே போதும்

விதையை பீஜாமிர்தத்தில் நனைத்து எடுக்கிறோம். ஜீவாமிர்தம் விடுகிறோம், பூச்சி வந்தால் ஐந்திலைக் கரைசல் அடிக்கிறோம். நாலு மாசம் பாடுபட்டு ஒரு துளி நஞ்சு படாமல் விளைந்த கத்தரிக்காயை வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். அடுப்படியில் அது எதன் மேல் வைத்து நறுக்கப்படுது? பாதி வீடுகளில் கீறல் விழுந்து, ஓரம் பழுப்பேறிப்போன ஒரு பிளாஸ்டிக் பலகை மேலே. வயலில் காட்டிய அக்கறை கடைசி மூன்றடியில் நின்னு போகுது.

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் வீட்டைச் சுற்றியுள்ள எட்டு சென்ட் இடத்தில் கீரையும் காயும் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரை வாங்க வருகிற பெண்கள் உரம், பூச்சி பற்றிக் கேட்பதைவிட அதிகமாக, "அக்கா, நறுக்குற பலகை எது வாங்கலாம்? மரம்னா அழுக்கு சேருமாமே?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை ஒரு பாடமாக இங்கே எழுதுகிறேன். கடையில் வாங்குபவருக்கும் இது உதவும், வரப்பில் மரம் வைத்திருக்கும் உழவருக்கும் உதவும். முக்கியமாக இரண்டாமவருக்கு.

அரிவாள்மனை இருந்தவரை

நம்ம பாட்டிமார் வீட்டில் நறுக்கும் பலகை என்று தனியாக ஒன்று கிடையாது. அரிவாள்மனை இருந்தது. அதில் அலகு நிலையாக நிற்கும், காயைத்தான் கையால் அலகை நோக்கித் தள்ளுவோம். அலகு கட்டையைத் தொடவே தொடாது. கட்டை உட்காருவதற்கும் காலால் அழுத்திப் பிடிப்பதற்கும் மட்டும்தான். அதனால் அது என்ன மரம் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

நின்றுகொண்டு சமைக்கும் மேடை வந்ததும் தரையில் இருந்த அரிவாள்மனை மூலைக்குப் போனது, கையில் கத்தி வந்தது. கத்தி கீழே இறங்கி எதன் மேலாவது மோதியாக வேண்டும். சிலர் கடப்பைக்கல் மேடையிலேயே நறுக்கினார்கள். கல்லில் மோதினால் கத்தி வாரத்தில் மழுங்கும். கண்ணாடிப் பலகையும் அப்படித்தான். அந்த இடத்துக்குத்தான் பிளாஸ்டிக் பலகை வந்து உட்கார்ந்தது. காய் நறுக்க எந்த மரம் நல்லது என்ற அறிவு நம்ம வீடுகளில் வளர வாய்ப்பே இல்லாமல் போச்சு.

ஆனால் அந்த அறிவு நம்ம ஊரில் இல்லாமல் இல்லை. அது கறிக்கடையிலும் மீன் கடையிலும் இருக்கு.

கறிக்கடைக் கட்டை சொல்லும் பாடம்

எந்த ஊர் கறிக்கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்க. வெட்டும் கட்டை பெரும்பாலும் புளியங்கட்டையாகத்தான் இருக்கும். ஆவடியில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரரிடம், "பாய், ஏன் புளி மட்டும்?" என்று கேட்டேன். "வேற மரம் வெட்ட வெட்ட சிராய் சிராயா வரும்மா. கறியில ஒட்டும். புளி அப்படி வராது. வாசனையும் ஏறாது" என்றார். இரண்டே வரியில் முழுப் பாடத்தையும் சொல்லிவிட்டார்.

இது நமக்கு மட்டும் தெரிந்த சங்கதியும் இல்லை. தாய்லாந்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் வட்ட வெட்டுக்கட்டை புளியமரத்தில் செய்தது. பிலிப்பைன்ஸிலும் புளியங்கட்டைக்குத்தான் மதிப்பு. புளியமரம் வளரும் நாடுகளில் சமைப்பவர்கள் தனித்தனியாக வந்து சேர்ந்த முடிவு ஒன்றாகவே இருக்கு.

அந்தக் கட்டையில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்க. அது பலகைபோல நீளவாக்கில் அறுத்தது அல்ல. அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, வளையங்கள் மேலே தெரியும்படி வைத்தது. மரத்தின் நார்கள் துடைப்பத்தின் ஈர்க்குகள் போல மேல் நோக்கி நிற்கின்றன. கத்தி விழும்போது நார்கள் விலகி வழிவிட்டு, கத்தி எடுத்ததும் மறுபடி நெருங்கிக்கொள்கின்றன. அதனால் கட்டையும் கெடாது, கத்தியும் மழுங்காது. நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தி நார்களையே குறுக்கே வெட்டுது, அதனால் கீறல் நிற்குது. காய் நறுக்கும் அளவுக்கு நீளவாக்குப் பலகை தாராளமாகப் போதும். கறிக்கும் மீனுக்கும்தான் குறுக்குவெட்டுக் கட்டை வேண்டும்.

பிளாஸ்டிக் பலகையில் என்ன சிக்கல்?

கத்தி விழும் ஒவ்வொரு முறையும் பலகையிலிருந்து கொஞ்சம் பெயர்ந்து காயோடு சேருது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து 2023-ல் வெளியிட்டார்கள். பாலிஎத்திலீன் பலகையைப் பயன்படுத்தும் ஒருவருக்கு ஓராண்டில் 7.4 கிராம் முதல் 50.7 கிராம் வரையும், பாலிபுரொப்பிலீன் பலகை என்றால் சுமார் 49.5 கிராமும் நுண்பிளாஸ்டிக் வந்து சேரலாம் என்பது அவர்கள் கணக்கு. பலகையின் வகை, நறுக்கும் ஆளின் கை, நறுக்கும் பொருள் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

நேர்மையாக மற்ற பக்கத்தையும் சொல்லணும். அதே ஆய்வில் மரப்பலகையிலிருந்தும் தூள் வந்தது, பிளாஸ்டிக்கைவிட எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமாகவே வந்தது. ஆய்வகத்தில் எலியின் செல்கள் மீது சோதித்தபோது பாலிஎத்திலீன் தூளும் மரத்தூளும் உடனடியாகப் பெரிய கெடுதல் எதையும் காட்டவில்லை. ஆகவே "பிளாஸ்டிக் பலகையில் நறுக்கினால் இந்த நோய் வரும்" என்று நான் பயமுறுத்தப் போவதில்லை.

உழவராக எனக்குப் படும் வேறுபாடு வேறு இடத்தில் இருக்கு. மரத்தூள் மக்கும். பிளாஸ்டிக் தூள் மக்காது. பலகையில் மிஞ்சும் தோல், காம்பு, தண்டு எல்லாவற்றையும் நாம் வழித்து எங்கே போடுகிறோம்? உரக்குழியில். அந்தப் பலகையிலிருந்து பெயர்ந்த தூளும் அதோடு சேர்ந்து குழிக்குப் போகுது, அங்கிருந்து பாத்திக்குப் போகுது. மண்ணுக்குள் ஒரு துணுக்கு பிளாஸ்டிக் போகக்கூடாது என்று மூடாக்குக்கு வைக்கோல் போடும் நாம், அடுப்படி வழியாக அதை அனுப்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

மரத்தில் கிருமி சேராதா?

இந்தப் பயம்தான் மரப்பலகையை வீட்டை விட்டுத் துரத்தியது. மரத்தில் நுண்துளை இருக்கு, அதில் கிருமி போய் ஒளியும், பிளாஸ்டிக்கில் துளை இல்லை, அதனால் அது சுத்தம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கு.

டீன் கிளைவர் என்ற அமெரிக்க உணவு நுண்ணுயிரியல் அறிஞர் தம் குழுவோடு இதைச் சோதித்தார். மரப்பலகையைப் பிளாஸ்டிக் அளவுக்குச் சுத்தமாக்க என்ன வழி என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொடங்கிய வேலை. வந்த முடிவு நேர்மாறாக இருந்தது. மரப்பலகை மேல் விட்ட கிருமிகள் மேற்பரப்பிலிருந்து உள்ளே உறிஞ்சப்பட்டன. உள்ளே போனவை பெருகவில்லை, ஈரம் வற்ற வற்றச் செத்துப்போயின. புதுப் பிளாஸ்டிக் பலகையைக் கழுவிச் சுத்தம் செய்வது எளிதாக இருந்தது. ஆனால் கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையை, அதிலும் கோழிக் கொழுப்பு படிந்திருந்தால், கையால் தேய்த்துச் சுத்தம் செய்வது மிகக் கடினமாக இருந்தது. இந்த முடிவுகள் 1994-ல் வெளியாயின.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, காய்ந்த மரம் நமக்குச் சாதகமாக வேலை செய்யுது. இரண்டு, "காய்ந்த" என்பதுதான் அங்கே முக்கியமான சொல். எப்போதும் ஈரமாகக் கிடக்கும் மரப்பலகைக்கு இந்த நன்மை கிடையாது. அதில் பூஞ்சைதான் வரும். கீழே சொல்லப்போகும் பராமரிப்பு முழுக்க இந்த ஒரு சங்கதியைச் சுற்றித்தான்: பலகை சீக்கிரம் காயணும்.

எந்த மரம்?

புளி: நார் நெருக்கமான, கனமான மரம். சிராய் எழும்பாது. புளியில் கருத்த வைரம் வயதான மரத்தின் நடுவில் கொஞ்சம்தான் இருக்கும், மீதி எல்லாம் வெளிர் நிறம். வெளிர் பகுதியை வண்டு துளைக்கும். அதனால் நன்றாகக் காயவைத்து எண்ணெய் பிடிக்க வைப்பது புளிக்குக் கட்டாயம். மீனுக்கும் கறிக்கும் இதற்கு இணை இல்லை.

வேம்பு: எளிதில் கிடைக்கும், காயும்போது அதிகம் கோணாது, செந்நிற வைரம் பூச்சியைத் தாங்கும். புதுப் பலகையில் சில நாள் கசப்பும் வாடையும் இருக்கும். ஒரு வாரம் வெங்காயம், வாழைக்காய் என்று சமைக்கும் காய்களை மட்டும் நறுக்கிவிட்டுப் பிறகு பழத்துக்குப் பயன்படுத்துங்க. "வேம்பு, அதனால் கழுவாவிட்டாலும் கிருமி அண்டாது" என்று விற்பனைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். வேம்பானாலும் கழுவித்தான் ஆகணும்.

பூவரசு: பலரும் மறந்துபோன நல்ல மரம். இழைத்தால் வழவழப்பாக வரும், உணவில் எந்தச் சுவையும் ஏற்றாது. ஹவாய்த் தீவு மக்கள் இதே பூவரசில்தான் உணவுக் கிண்ணங்கள் கடைந்தார்கள், அதுவும் இந்தக் காரணத்துக்காகவே. நம்ம ஊரில் வேலியில் போத்து நட்டாலே வளர்ந்துவிடும். காய்க்கும் பழத்துக்கும் ஏற்ற பலகை.

பலா: உறுதியான மரம். தஞ்சாவூர் வீணை செய்வது இதில்தான். புதிதில் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் கசியும், சில முறை கழுவினால் நிற்கும்.

மா: கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலகைகளில் பல மாமரம். வேலைக்கு ஆகும். ஆனால் ஈரத்தில் சீக்கிரம் கறை பிடிக்கும், உளுக்கும். பராமரிக்க நேரம் இருப்பவர்கள் வாங்கலாம்.

தேக்கு: தண்ணீரைத் தாங்கும். ஆனால் அந்த மரத்துக்குள் மணல்போன்ற சிலிக்கா இருப்பதால் கத்தியை அடிக்கடி தீட்டணும். விலையும் கூட.

எதைத் தொடக்கூடாது?

எட்டி, அரளி, தில்லை, சேங்கொட்டை. இவை நஞ்சுள்ள மரங்கள் அல்லது தோலை அரிக்கும் பால், நெய் உள்ள மரங்கள். விறகாகக்கூடப் பார்த்துத்தான் எரிக்கணும், பலகைக்குப் பேச்சே இல்லை. ஒதியம், முருங்கை, முள்முருங்கை போன்ற மெத்து மரங்கள் கத்தியைத் தாங்காது. பிளைவுட், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை எல்லாம் ரசாயனப் பசையால் ஒட்டியவை, அவற்றை நறுக்கப் பயன்படுத்த வேண்டாம். கட்டில், கதவு உடைத்த பழைய மரத்தில் வார்னிஷும் பெயின்டும் ஊறியிருக்கும், அதுவும் வேண்டாம். அடையாளம் தெரியாத மரம் எதுவானாலும் வேண்டாம்.

மூங்கில் பலகை பற்றியும் கேட்கிறார்கள். மூங்கில் நல்லதுதான், ஆனால் பலகை வடிவில் வருவது மூங்கில் பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. என்ன பசை என்று விற்பவரால் சொல்ல முடிந்தால் வாங்குங்க. மூங்கில் கடினமாக இருப்பதால் கத்தி கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும்.

கடையில் வாங்கும்போது

கையில் எடுத்துப் பாருங்க. ஒரே துண்டு மரமா, ஒட்டியதா என்று பக்கவாட்டில் கோடு தேடுங்க. தரையில் வைத்து நாலு மூலையையும் அழுத்துங்க, ஆடினால் மரம் காயாமல் செய்தது, இனியும் கோணும். மோந்து பாருங்க. மரவாசனை வரணும், வார்னிஷ் வாடை வரக்கூடாது. கண்ணாடி மாதிரி பளபளத்தால் மேலே பூச்சு இருக்குன்னு பொருள், நாலு நாள் நறுக்கினால் அந்தப் பூச்சு சாம்பாருக்குள் போகும். குண்டூசி முனை அளவு துளையும் அதிலிருந்து மாவும் உதிர்ந்தால் வண்டு உள்ளே இருக்கு.

அளவு: காய்க்கு 12 அங்குல நீளம், 9 அங்குல அகலம், குறைந்தது 1 அங்குலக் கனம். முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் மழைக்காலத்தில் வளையும். மீன், கறிக்கு 10 அங்குல வட்டம், 3 அங்குலத்துக்குக் குறையாத கனம். ஒரு கையால் தூக்கிக் கழுவ முடிகிற எடைதான் சரியான எடை. தூக்க முடியாத பலகையை யாரும் தினமும் கழுவ மாட்டார்கள்.

சொந்த மரத்தில் செய்துகொள்ள

பலகைக்காக நிற்கும் மரத்தை வெட்ட வேண்டாம். கவாத்து செய்யும்போது வரும் பெருங்கிளை, காற்றில் சாய்ந்த மரம், காய்ப்பு ஓய்ந்து பட்டுப்போன மரம் இவை போதும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எங்க பக்கம் சாய்ந்த மரங்களில் பெரும்பகுதி துண்டு துண்டாகி விறகுக்கும் குப்பைக்கும் போனது. அப்படி விழுந்த ஒரு வேம்பின் அடிமரத்தில் எடுத்த பலகையில்தான் நான் இன்றும் நறுக்குகிறேன். ஒன்றை நினைவில் வையுங்க: ஏரிக்கரை, சாலையோர மரங்கள் அரசு சொத்து. கீழே விழுந்து கிடந்தாலும் உரிய அலுவலகத்தில் கேட்காமல் எடுக்கக்கூடாது. உங்கள் பட்டா நிலத்து மரம் என்றால் கவலை இல்லை. ஆனால் தேக்கு, சந்தனம், ஈட்டி போன்றவற்றுக்கு வனத்துறை விதிகள் உண்டு, கேட்டுவிட்டுக் கை வையுங்க.

1. மரம் விழுந்த வாரத்திலேயே அறுத்துவிடுங்க. பட்டையோடு மழையில் கிடந்தால் பூஞ்சையும் வண்டும் ஏறும்.

2. மில்லில் கொடுக்கும்போது ஒன்றரை அங்குலக் கனத்தில் பலகையாக அறுக்கச் சொல்லுங்க. காய்ந்து, இழைத்த பிறகு ஒன்றேகால் அங்குலம் நிற்கும். மரத்தின் நடு மையம் பலகைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்க. மரம் காயும்போது வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இழுபறியால்தான் முழு வட்டக் கட்டை மையத்திலிருந்து வெடிக்குது. வட்டக் கட்டை வேண்டும் என்றால் மெதுவாகக் காயவைக்கணும், சிறு வெடிப்பு வரத்தான் செய்யும் என்று எதிர்பார்க்கணும்.

3. வெட்டுமுனை இரண்டிலும் உருக்கிய மெழுகு பூசுங்க. முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். வேகமாகக் காய்ந்த முனை வெடிக்கும்.

4. வண்டு பிடிக்கும் மரமென்றால் அந்தக் காலத்தில் குளத்தில் ஊறப்போட்டு எடுத்துக் காயவைப்பார்கள். மரத்தில் உள்ள சர்க்கரையும் மாவுச்சத்தும் கரைந்து போவதால் வண்டுக்குத் தீனி குறையும். கிணறோ குட்டையோ இருப்பவர்கள் மூன்று, நாலு வாரம் முழுக்க மூழ்க வைத்து எடுக்கலாம்.

5. நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்தில் அடுக்குங்க. ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகள் வையுங்க. மேலே கனமான கல். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

6. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. ஆனால் நாள் எண்ணுவதைவிட நல்ல வழி தராசு. ஒரு பலகையில் அடையாளம் போட்டு, மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்க. எடை குறைந்துகொண்டே வந்து, தொடர்ந்து இரண்டு மாதம் மழையில்லாத காலத்தில் ஒரே எடை காட்டினால் மரம் காய்ந்துவிட்டது.

7. தச்சரிடம் கொடுத்து இழைத்து, ஓரங்களை உருட்டி, உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்க. ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் நார் எழும்பும். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் மறுபடி தேயுங்க. இதை இரண்டு முறை செய்தால் பிறகு கழுவும்போது சொரசொரப்பு வராது. வார்னிஷ், டச்வுட் எதுவும் அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்க. இல்லையென்றால் "நல்லா இருக்கட்டும்னு" சொல்லி அவரே அடித்துக் கொடுத்துவிடுவார்.

எண்ணெய் பிடிக்க வைத்தல்

எண்ணெய் எதற்கு? மரத்தின் துளைகளில் தண்ணீர் புகும் முன் எண்ணெய் இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் பலகை குறைவாக ஊறும், சீக்கிரம் காயும், கோணாது.

நம்ம வீட்டில் இருப்பதில் செக்குத் தேங்காய் எண்ணெய் ஏற்றது. கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளடைவில் பிசுபிசுத்துக் காரல் வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் கெடுதல் குறைவு. ஆளிவிதை எண்ணெய் காற்றில் தானாக இறுகும், அதுவும் நல்லது. ஆனால் உணவுக்கான செக்கு எண்ணெயாக இருக்கணும். பெயின்ட் கடையில் விற்கும் "டபுள் பாயில்டு" எண்ணெயில் சீக்கிரம் உலர உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கும், அது அடுப்படிக்கு ஆகாது.

தேனீ வளர்ப்பவர்கள் பாக்கியசாலிகள். தேன்மெழுகு 1 பங்கு, தேங்காய் எண்ணெய் 4 பங்கு. எண்ணெய்க் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெழுகை உருக்குங்க. நேரடித் தீயில் வைக்காதீங்க, பற்றிக்கொள்ளும். ஆறியதும் தைலம் மாதிரி ஆகும். டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

புதுப் பலகைக்கு முதலில் வெதுவெதுப்பான எண்ணெயை இருபுறமும், நாலு ஓரமும் தடவி இரவு முழுக்க விடுங்க. காலையில் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்க. மரம் குடிப்பதை நிறுத்தும் வரை, மூன்று நாலு நாள். கடைசியில் மெழுகுத் தைலத்தைத் தேய்த்துத் துணியால் மெருகிடுங்க. பிறகு எப்போது போடணும் என்பதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரே சாட்சி. பலகை மேல் ஒரு சொட்டு விடுங்க. முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கு. பரவி உள்ளே போனால் எண்ணெய் போடும் நேரம். தினமும் புழங்கும் பலகைக்கு மாதம் ஒருமுறை தேவைப்படும்.

தினசரி வேலை

நறுக்கி முடித்த உடனே கழுவுங்க. சாம்பலோ சீயக்காய்த் தூளோ பாத்திரம் தேய்க்கும் சோப்போ எதுவானாலும் சரி, தேங்காய் நாரால் நார் ஓடும் திசையிலேயே தேயுங்க. இருபுறமும் நனையுங்க. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் மட்டும் உப்பி, பலகை வளையும். தண்ணீரில் ஊறப்போடாதீங்க, தொட்டிக்குள் படுக்க வைக்காதீங்க. துணியால் துடைத்து, சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்துங்க. ஒரு துளை போட்டு ஆணியில் மாட்டினால் இன்னும் நல்லது.

பூண்டு, வெங்காய வாடைக்குக் கல் உப்பைத் தூவி, பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்க. மஞ்சள் கறைக்கு மருந்து வெயில்தான். மஞ்சளின் நிறம் ஒளியில் மங்கிவிடும். காலை வெயிலில் பக்கத்துக்கு அரைமணி போதும், உச்சி வெயில் வேண்டாம்.

கறிக்கும் மீனுக்கும் தனிக் கட்டை வையுங்க. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கோழி வெட்டிய பலகையில் பச்சடிக்கு வெள்ளரி நறுக்கினால் அந்த வெள்ளரி அடுப்பைப் பார்க்கப் போவதில்லை, சால்மோனெல்லா போன்ற கிருமி நேராகக் குழந்தையின் தட்டுக்குப் போகும். ஒரே பலகைதான் இருக்கு என்றால் முதலில் காய், பழம், கடைசியில்தான் கறி. மீன், கறிக் கட்டையை முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்க. எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் இரத்தமும் சதையும் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பு, அதன்பிறகு கொதிநீர். நான் வாங்கும் கறிக்கடையில் கடை மூடும்போது கட்டையைக் கத்தியால் சுரண்டி வழித்து, உப்புத் தூவி வைக்கிறார்கள். வீட்டிலும் மாதம் ஒருமுறை அப்படிச் சுரண்டலாம்.

பலகை கிண்ணம் மாதிரி வளைந்தால் குழிந்த பக்கத்தை ஈரத்துணி மேல் கவிழ்த்து ஓர் இரவு வையுங்க. அந்தப் பக்கம் ஈரம் குடித்து உப்பி, பெரும்பாலும் நேராகிவிடும். கீறல் கூடினால் உப்புத்தாள் தேய்த்து, அல்லது தச்சரிடம் லேசாக இழைத்து, மறுபடி எண்ணெய் போட்டால் புதுப் பலகை. பிளாஸ்டிக்கில் இந்த வசதி கிடையாது. கரும்பூஞ்சை புள்ளி இழைத்தும் போகாமல் ஆழமாக இருந்தாலோ, அழுக்கு எடுக்க முடியாத வெடிப்பு விழுந்தாலோ அந்தப் பலகைக்கு விடை கொடுங்க. அது அடுப்புக்குப் போகலாம், சாம்பல் தென்னைக்குப் போகலாம்.

விறகு வண்டி வரும் முன்

வரப்பு மரத்தை நாம் எப்படி விற்கிறோம்? வண்டிக்காரர் வந்து பார்த்து, டன் கணக்கில் பேசி, விறகு விலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். அதில் வைரம் பாய்ந்த அடிமரமும் ஒரே விலை, சுள்ளியும் ஒரே விலை. அதே மரத்தின் பலகையைத்தான் பிறகு சென்னைக் கடையில் "இயற்கை" என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள், நம்ம வீட்டுப் பெண்களே அதை வாங்குகிறார்கள்.

கிளை செங்கல் சூளைக்குப் போகட்டும், பரவாயில்லை. அடிமரத்தில் மூன்றடி மட்டும் வண்டியில் ஏற்றாமல் நிறுத்துங்க. ஓராண்டு நிழலில் கிடக்கட்டும், அதற்குச் செலவு நாலு செங்கல்லும் கொஞ்சம் மெழுகும்தான். அதில் உங்கள் வீட்டுக்கு ஒன்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ஒன்று, மீதியை உங்கள் சந்தையில் காய்க் கூடை பக்கத்தில் வைக்கலாம். காய் வாங்க வருபவர் பலகையைத் தூக்கிப் பார்ப்பார். எந்த மரம், எப்போது விழுந்தது, எத்தனை மாதம் காய்ந்தது, என்ன எண்ணெய் போட்டது என்று அவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கும். நம்ம கத்தரிக்காய்க்கு எப்படிப் பதில் சொல்கிறோமோ, அப்படியே.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் கவாத்துக்குப் போகிறவர்கள் இந்த ஆண்டே ஒரு துண்டு எடுத்து வையுங்க. போகும்போது கையில் மெழுகும், எழுதி வைக்க ஒரு நோட்டும் இருக்கட்டும்.